உதிரி பாகம், மூன்று பெட்டி

இதில் நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். லாரிப்பேட்டை எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவன் நான். வெறும் வண்டி இத்தனை, சரக்கோடு இத்தனை, கழித்தால் மிச்சம் இத்தனை என்று எழுதி எழுதியே விரல் தேய்ந்தவன். ஒரு கிலோ கூட்டி எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை. ஒருமுறை ஒரு லாரியை எடை போடும்போது அதன் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அந்தக் காக்கையைப் பிடித்துத் தனியாக எடை போட்டு, அதையும் கழித்துத்தான் சீட்டு எழுதினேன். காக்கைக்கும் ஒரு சீட்டு கொடுத்தேன்.

ஆகவே முழுலோடு என்கிற ஆளைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம். அவன் வீட்டுக்கு நேர் பின்வீடு என்னுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், ஆறடி உயரம். அவர்கள் பக்கம் நீலச் சுண்ணாம்பு அடித்திருக்கும். என் பக்கம் சும்மா செங்கல். அந்தப் பக்கம் அவன் குடும்பம், இந்தப் பக்கம் என் கயிற்றுக் கட்டில். அவனை 'அவன் இவன்' என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபப்பட வேண்டாம். மரியாதை கொடுத்துப் பார்க்க நானும் எத்தனையோ தடவை முயன்றேன், வரவில்லை. அவன் மனைவிக்கு மட்டும் அது தானாகவே வருகிறது.

அவனிடம் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. பத்து டன் வண்டி. முதலாளியும் அவனே, டிரைவரும் அவனே, டயரைத் தட்டிப் பார்ப்பவனும் அவனே. பின்கதவில் பெயின்டரைப் பிடித்து, மஞ்சள் எழுத்தில், 'முழு லோடு மட்டும்' என்று எழுதி வைத்திருந்தான். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருந்தது, அதுவும் பாதி அழிந்து.

முழு லோடு என்றால் ஒரே பார்ட்டி, ஒரே பில். ஓரிடத்தில் ஏற்றி, ஒருமுறை கயிறு இழுத்துக் கட்டி, நேரே போய் ஓரிடத்தில் இறக்கினால் வேலை முடிந்தது. சில்லறை லோடு என்றால் பத்துப் பேருடைய சரக்கு. பத்து பில், பத்து வாசல், பத்து வாய். ஒருத்தன் கடை சாத்தியிருப்பான், ஒருத்தன் சாப்பிடப் போயிருப்பான், ஒருத்தன் இதை நான் கேட்கவே இல்லை என்பான்.

"அது பிச்சைப் பாத்திரம்யா," என்பான் முழுலோடு, பேட்டை டீக்கடையில் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே. "வீட்டுக்கு ஒரு கரண்டி. அதை வாங்கி வண்டி ஓட்டறதுக்கு நான் என்ன தட்டு ஏந்தவா பொறந்தேன்? ஒரு தடவை பத்து டன்னு ஐஸ் ஏத்துனேன். தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, ரெண்டு நாள் வெயில்ல ஓட்டிக்கிட்டுப் போயி இறக்குனா, பில்லு மட்டும் ஈரமா இருக்கு. பார்ட்டி ஒரு வார்த்தை பேசலையே! ஏன்? முழு லோடு. அதுக்கு உண்டான மரியாதை."

"சரிப்பா, முழு லோடே கெடைக்கலன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டார் லோடு ஏற்றுகிறவர்களின் மேஸ்திரி. வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சியைக் கடித்துக்கொண்டிருப்பவர் அவர்.

"கெடைக்கலன்னா? சில்லறை ஏத்துறதுக்கு முன்னாடி இந்த மீசையை எடுத்துட்டு வண்டியை வித்துடுவேன்."

பேட்டையில் இருபத்தாறு பேர் கேட்டார்கள். நான் எண்ணினேன். சாதாரண மீசை இல்லை அது. எட்டு அங்குல ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் மிச்சம் தொங்கியது.

ஆறு மாதம் கழிந்தது. அவனுக்கு வாடிக்கையாக லோடு கொடுத்துவந்த ஆலை, நாற்பது லாரி வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு மொத்தச் சரக்கையும் கொடுத்துவிட்டது. ஒற்றை லாரிக்காரனை வாசலில் நிற்கக்கூட விடவில்லை. முழுலோடின் வண்டி வேப்ப மரத்தடியில் நின்றது. மூன்றாவது வாரம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு சிலந்தி வலை கட்டியது. நாலாவது வாரம் ஒரு கோழி டிரைவர் சீட்டில் முட்டையிட்டு, யார் என்ன செய்வார்கள் என்ற தைரியத்தில், அங்கேயே அடைகாக்க உட்கார்ந்துவிட்டது.

அவன் மனைவி தார்ப்பாய் தைக்கிறவர். பேட்டையில் முக்கால்வாசி வண்டிகளின் தார்ப்பாய் அந்த அம்மாள் கையால் தைத்ததுதான். கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, முழ நீள ஊசியை உள்ளங்கைத் தோலால் தள்ளித் தள்ளித் தைப்பார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஊசியால்தான். முழுலோடுக்கு அது தெரியும். தெரியாதது போல இருக்க அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் அவன் புக்கிங் ஆபீசுக்குப் போனான். அங்கே இருந்தவரைக் கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்திருப்பார்.

"முழு லோடு ஏதாவது?"

"முழு லோடா? அது வந்தா உனக்கு முன்னாடி எனக்கு மயக்கம் வந்துடும். சில்லறை இருக்கு. ஆறு பில்லு, நாலு டன்னு தேறும்."

"சில்லறையப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

"கிலோவுக்குன்னு பாத்தா சில்லறையிலதான்ப்பா வாடகை ஜாஸ்தி. ஒரு மூட்டைக்காரன் பேரம் பேச மாட்டான். பத்து டன்னுக்காரன்தான் பைசாவுக்கு உயிரை எடுப்பான்."

"அது எனக்குத் தெரியாதா? மானம்னு ஒண்ணு இருக்குல்ல."

கண்ணாடி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "அதை எத்தனை கிலோன்னு போட்டுக்க?"

முழுலோடு வெகுநேரம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். போன வருஷத்துக் காலண்டர் அது. "யாருக்கும் தெரியக் கூடாது," என்றான்.

நாலு டன் சரக்கு வண்டியின் அடியில் கிடக்கும். மேலே பாதி வண்டி காலி. பார்த்தவுடனே சில்லறை என்று தெரிந்துவிடும். அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு எண்ணெய்க் கடையில் காலி டிரம் இருபது வாங்கி, சரக்கின் மேல் அடுக்கி, அதற்கு மேல் தார்ப்பாயைப் போட்டு இழுத்துக் கட்டினான். வெளியிலிருந்து பார்த்தால் பத்து டன் வண்டி, பிள்ளைத்தாச்சி மாதிரி வயிறு தள்ளி நிற்கும். பின்கதவில் 'முழு லோடு மட்டும்'.

அப்படியே என் எடைமேடையில் ஏறினான். முள் பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"என்னப்பா, பஞ்சா?" என்றேன்.

"பஞ்சுதான்," என்றான். என் முகத்தை அவன் பார்க்கவில்லை. அவன் முகத்தை நானும் பார்க்கவில்லை. இன்றுவரை அப்படித்தான்.

அன்று காலை அவர்கள் வீட்டில் நடந்த பேச்சைச் சுவருக்கு இந்தப் பக்கம் கட்டிலில் படுத்தபடி கேட்டேன்.

"இன்னிக்கு என்ன லோடு?"

"முழு லோடு. ஒரே பார்ட்டி."

"எந்தப் பார்ட்டி?"

"மெஷின் கம்பெனி. பெரிய எடம்."

"நல்லதாப் போச்சு. டப்பாவுல சோறு வெச்சிருக்கேன், ரெண்டு முட்டை மேல வெச்சிருக்கேன். வண்டியிலயே போட்டு மறந்துடாதீங்க."

இப்படி மூன்று நடை போனான். போய்வந்த ஒவ்வொரு தடவையும் தார்ப்பாயை மடித்துக் கொல்லையில் போடுவான். அந்த அம்மாள் அதை விரித்து, கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். மூன்றாவது தடவை பார்த்துவிட்டு, வெகுநேரம் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார்.

சுவரின் மேல்வரிசைச் செங்கலை ஒன்றொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னம்மா இது?" என்றேன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து.

"மழைக்கு ஆடுது அண்ணே. தலையில விழுந்துடும்னு பிரிக்கிறேன்."

"மழை பெஞ்சு நாலு மாசம் ஆச்சே."

"அதுக்கு முன்னாடி பெஞ்ச மழையில ஆடினது." அவர் ஊசியைத் தள்ளுவது போலவே உளியையும் உள்ளங்கையால் தள்ளினார். "நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நான் யாரிடம் சொல்லப்போகிறேன்?

கழற்றிய செங்கல்லை மூன்று மரப்பெட்டிகளில் வைக்கோல் வைத்து அடுக்கினார். ஆணி அடித்து மூடி, மேலே கரியால் எழுதினார்: 'உதிரி பாகம். கவனம்.' ஒரு கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்ப் புக்கிங் ஆபீசில் போட்டார். தார்ப்பாய் தைத்த காசை எடுத்து, வாடகையை முன்னதாகவே கட்டினார். சரக்கு கடைசி ஊர் கிடங்குக்குப் போக வேண்டும், அங்கே ஆள் வந்து எடுத்துக்கொள்வார்.

"எந்த வண்டியில போடட்டும்?" என்று கேட்டார் கண்ணாடி.

"வேப்ப மரத்தடி வண்டியில போடுங்க."

கண்ணாடி நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மாற்றிக்கொண்டு பில்லைக் கிழித்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

வாரம் மூன்று பெட்டி. வாரத்துக்கு அரையடி சுவர். கொல்லையில் அந்த அம்மாள் ஒரு கயிறு கட்டி, தைக்கும் தார்ப்பாய்களைச் சுவரை மறைத்துத் தொங்கவிட்டார். முழுலோடு கொல்லைக்குப் போவது பல் தேய்க்க மட்டும்தான். அந்தப் பக்கம் தார்ப்பாய் தொங்கியது. பின்னால் சுவர் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அவன் வண்டியைப் பார்த்து, தார்ப்பாய்க்கு அடியில் முழு லோடு இருக்கிறது என்று ஊர் நினைத்த மாதிரியேதான்.

எனக்கு வசதியாயிற்று. சுவர் இருந்தபோது பேச்சில் பாதிதான் கேட்கும். இப்போது தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்கிற பித்தளைக் கண் இருக்கிறதே, அதில் என் கண்ணை வைத்தால் அடுக்களை வரை தெரிந்தது.

"கண்ணாடி சொன்னாரு, புதுசா ஒரு பார்ட்டி வாராவாரம் மூணு பெட்டி போடுதாம்," என்றான் முழுலோடு ஒரு காலை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அதாவது... என் முழு லோடு போக, வேற வண்டிக்கு."

"அப்படியா?"

"பேரமே பேசறதில்லையாம். வாடகையை முன்னாடியே கட்டிடுதாம். இந்தக் காலத்துல அப்படி ஒரு மனுஷனா! கால்ல விழுந்து கும்பிடணும்."

"மனுஷன்தானா?"

"பின்ன என்ன, பொம்பளையா மெஷின் சாமான் அனுப்புவா?"

"அதுவும் சரிதான்," என்றார் அந்த அம்மாள். "இன்னொரு முட்டை வெக்கட்டுமா?"

சுவரில் ஒரு விஷயம் இருந்தது. அவர்களுக்கு ஒரே மகள், இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அவள் வளர வளர, முழுலோடு அவளைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, தலைக்கு மேல் ஆணியால் கோடு கீறி, பக்கத்தில் வயசை எழுதுவான். மூன்றாவது வாரம் பன்னிரண்டு வயசுக் கோடு போயிற்று. அடுத்த வாரம் பத்து. அப்புறம் ஏழு, அப்புறம் ஐந்து. வாரத்துக்கு வாரம் மகள் குழந்தையாகிக்கொண்டே வந்தாள். ஏழாவது வாரம் மூன்று வயசுக் கோட்டுக்கு வந்துவிட்டது. அன்று அந்த அம்மாள் உளியை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் அதையும் கழற்றினார்.

அந்த ஏழாவது வாரம்தான் எல்லாம் கெட்டது. கெட்டது மேஸ்திரியின் வாயால்.

சில்லறை லோடு ஏற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கடைசி ஊர்ச் சரக்கு முதலில் ஏற வேண்டும், வண்டியின் உள்ளே கேபின் ஓரமாக. முதல் ஊர்ச் சரக்கு கடைசியில் ஏற வேண்டும், கதவோரமாக. மூளை இருக்கிறவன் சொல்லாமலே செய்வான். ஆனால் முப்பது வருஷம் முழு லோடு ஓட்டினவனுக்கு அந்த மூளை முளைக்க வேளையே வருவதில்லை. அவனுக்கு எல்லாமே ஒரே ஊர்தான். அதனால் இத்தனை நாளும் மேஸ்திரிதான் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தார், தீக்குச்சியைக் கடித்தபடி, ஒரு வார்த்தை பேசாமல்.

அன்று பேசிவிட்டார். "ஏம்ப்பா, கதவுல 'மட்டும்'னு எழுதியிருக்கியே, அதை மட்டும் அழிச்சுட்டா என்ன? பெயின்டு செலவு நான் தர்றேன்."

லோடுமேன்கள் சிரித்தார்கள். முழுலோடின் காது சிவந்தது.

"நீங்க ஒண்ணும் ஏத்த வேணாம். போங்க. என் வண்டிக்கு ஏத்த எனக்குத் தெரியும்."

"கடைசி ஊரு மொதல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க!"

பாடம் எடுக்காததால் பாடமாகவே ஆகிவிட்டது. பில் கட்டின் மேலே இருந்த பில்லை முதலில் எடுத்தான். முதல் ஊர். அதை முதலில் ஏற்றினான்.

முதல் ஊரில் ஒரு முடிவெட்டும் கடை. கடைக்காரருக்கு ஒரு சுழல் நாற்காலி வந்திருந்தது. கடைத்தெரு நடுவே, உச்சி வெயிலில், வண்டியை நிறுத்திக் கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தபோது, நாற்காலி வண்டியின் அடிக்கோடியில், கேபினை ஒட்டி, எல்லாச் சரக்குக்கும் பின்னால் இருந்தது.

"எங்கே என் நாற்காலி?" என்றார் கடைக்காரர்.

"உள்ள இருக்கு."

"உள்ளன்னா?"

"உள்ளன்னா... உள்ளதான்."

ஒன்றும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் தெருவில் இறக்கினால்தான் நாற்காலி வரும். முதலில் டிரம்மை இறக்க வேண்டும். ஒவ்வொன்றாக உருட்டிவிட்டான். காலி டிரம், தார்ச்சாலையில் உருண்டால் எவ்வளவு சத்தம் போடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாலு தெரு தாண்டித் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். காது கேட்காத ஒருவர் வந்து யார் கூப்பிட்டது என்று கேட்டார்.

"இது எந்தக் கடைக்குங்க?" என்றாள் வாளிக் கடைக்காரி டிரம்மைத் தட்டி.

"அது என்னோடது."

"காலியால்ல இருக்கு?"

"ஆமா."

"காலி டிரம்மையா ஊர் ஊரா ஏத்திக்கிட்டுப் போறீங்க?"

அவன் அடுத்த டிரம்மை உருட்டினான். இருபது டிரம்மும் இறங்கின. அப்புறம் கோழித்தீவனம் பதினெட்டு மூட்டை, மெத்தை நான்கு, ஒரு பீரோ, காகிதம் சுற்றிய ஒரு வெள்ளைக் கழிப்பறைப் பீங்கான். தெரு ஒரு வீடு மாதிரி ஆகிவிட்டது. யாரோ மெத்தையில் உட்கார்ந்தார்கள். யாரோ பீரோக் கண்ணாடியில் தலை வாரினார்கள். பின்கதவு மட்டும் திறந்தபடி, 'முழு லோடு மட்டும்' என்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் நாற்காலி வந்தது. கனம் என்று கதவோரம் ஒதுக்கியிருந்த மூன்று பெட்டி பாக்கி; வரிசையைச் சரிசெய்ய அவையும் இறங்க வேண்டும். முதல் இரண்டையும் தோளில் வாங்கி இறக்கிவிட்டான். மூன்றாவது வியர்வையில் வழுக்கியது.

பெட்டி பிளந்து, வைக்கோலும் செங்கல்லும் தெருவில் சிதறின.

"உதிரி பாகம்னு போட்டிருக்கு. செங்கல்லா இருக்கே?" என்றார் முடிவெட்டும் கடைக்காரர். "எந்த மெஷினுக்குங்க செங்கல்லு?"

முழுலோடு குனிந்து ஒன்றை எடுத்தான். ஒரு பக்கம் நீலம். இன்னொன்றை எடுத்தான். அதிலும் நீலம். அந்த நீலத்தை அவனே குழைத்து அடித்தவன். மூன்றாவதில் ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில், அவன் கையெழுத்தில், கோணலாக, 3.

பேரம் பேசாத பார்ட்டி யார் என்று அவனுக்கு அப்போது தெரிந்தது. தன் பொண்டாட்டி கையிலிருந்து வாடகை வாங்கி, தன் வீட்டுச் சுவரை ஊர் ஊராகச் சுமந்து, அந்தக் காசை அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்து, முழு லோடு என்று சொல்லி முட்டை தின்றிருக்கிறான். ஏழு வாரம்.

பக்கத்தில், அப்போதுதான் இறக்கி வைத்திருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

கடைக்காரர் சுறுசுறுப்பான மனிதர். தெருவில் கிடந்தால் என்ன, நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் அது கடைதான் என்று நினைப்பவர். உள்ளே போய்த் துண்டும் சோப்பும் கொண்டுவந்து, துண்டைக் கழுத்தில் கட்டி, கன்னத்தில் நுரை போட ஆரம்பித்தார். முழுலோடு செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

"சோப்பு கண்ணுல பட்டுடுச்சா?"

"ஆமா."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ஆமா."

கன்னம் முடிந்தது. கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டு மீசைக்கு முன்னால் மரியாதையாக நின்றார். "இதை லேசா ஒதுக்கி விடட்டுமா?"

"எடுத்துடு."

"எதை?"

"எல்லாத்தையும்."

கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. மீசை மெத்தையின் மேல் விழுந்தது. மெத்தையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்டார்.

பில் கிழித்த சரக்கு போய்ச் சேர வேண்டும், அதுதான் தொழில். பெட்டியை ஆணியடித்துச் சேர்த்து, நாற்காலி போக மற்ற எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான், இந்தத் தடவை சரியான வரிசையில். கடைசி ஊர் கிடங்கில் மூன்று பெட்டியையும் இறக்கிவிட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். ஒரு மணி நேரத்தில் கைவண்டியோடு வந்தவன் அவன் மச்சான், மனைவியின் தம்பி. பெட்டியைத் தூக்கும்போது ஆளைப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. மறுபடி பார்த்தான்.

"மாமாவா? ஐயையோ, மீசை எங்க மாமா?"

"சுவர் எங்கடா?"

மச்சான் பெட்டியைக் கீழே வைத்தான். "அக்காதான் சொல்லக் கூடாதுன்னா. 'எதையாவது அனுப்பணும், வண்டி ஓடணும், வேற என்ன இருக்கு நம்ம கிட்ட'ன்னா. வந்த செங்கல்லை வீணாக்க வேணாமேன்னு கக்கூஸ் கட்டிட்டிருக்கேன் மாமா. நல்ல செங்கல்லு. இந்த மூணு பெட்டி போட்டா முடிஞ்சுடும். வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தான். சுவரும் லாரி மாதிரிதான், மேலே இருந்தது முதலில் இறங்கும். முதலில் வந்த செங்கல் அடியில் போயிருந்தது. பன்னிரண்டு வயசுக் கோடு கணுக்கால் உயரத்தில் இருந்தது. பத்து முழங்காலில். ஏழு இடுப்பில். ஐந்து மார்புக்கு நேரே. மூன்று வயசுக்கு மட்டும் மேலே இடம் விட்டிருந்தது.

"அவசரமா இருந்தா உபயோகிச்சுக்கலாம் மாமா, கதவு மட்டும்தான் பாக்கி," என்றான் மச்சான்.

மறுநாள் மத்தியானம் முழுலோடு வீட்டுக்கு வந்தான். நேரே கொல்லைக்குப் போய்த் தார்ப்பாயை ஒரு பக்கமாகத் தள்ளினான். தொடை உயரத்துக்கு மொட்டைச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் நான். நான் கட்டிலில் தூங்குகிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மாள் ஊசியைக் கீழே வைத்தார். அவன் உதட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்றான்.

"தார்ப்பாய் சொல்லிச்சு."

"தார்ப்பாயா?"

"மூட்டை ஏத்துன தார்ப்பாய் மூலையிலதான் தேயும். உங்க தார்ப்பாய்ல வட்டம் வட்டமா தேஞ்சிருந்துது. டிரம் விளிம்பு. இருபது வட்டம். முப்பது வருஷமா தார்ப்பாய் தைக்கிறேன், எதுக்கு மேல எது கெடந்துதுன்னு எனக்குத் தெரியாதா?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா என்ன பண்ணியிருப்பீங்க? மீசையை எடுத்துட்டு வண்டியை வித்திருப்பீங்க. பேட்டையே கேக்கச் சொன்னீங்களே, வித்துட்டு என்ன பண்றது? நான் தைக்க, நீங்க நூல் கோத்துக் குடுக்கவா?"

அவன் மொட்டைச் சுவரின் மேல் கையை வைத்தான்.

"நீங்களா ஒரு நாள் வாயைத் தொறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். 'இன்னிக்கு நாலு டன்னுதான், சில்லறைதான்'னு. ஒரு வார்த்தை. ஒவ்வொரு வரிசை கழட்டும்போதும், இதுக்கு அப்புறம் சொல்லிடுவாருன்னு நெனச்சேன். சுவர் தீர்ந்துடும்போல இருந்துது, நீங்க சொல்றதாக் காணோம்."

"பாப்பாவோட கோடு..."

"ஆமா. அதைக் கழட்டும்போது உங்க மேல கோவமா வந்துது. அப்புறம் என் மேலயும் வந்துது. நானும் உங்க மாதிரிதானே மூடி மூடி வெச்சிருந்தேன்." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு."

"வண்டியை வித்துடறேன்."

"மீசை போச்சு, போகட்டும். அது வளரும். வண்டி வளருமா?"

அப்புறம் உள்ளே போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். முட்டை இல்லை. அவன் கேட்கவும் இல்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். சோறு உப்பாக இருந்தது, சமைக்கும்போது போட்டதைவிட அதிகமாக.

மறுநாள் காலை பேட்டைக்குப் போனான். டிரம் இருபதையும் எண்ணெய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறும் உதட்டோடு டீக்கடை முன்னால் வந்து நின்றான். சத்தியத்தைக் கேட்ட இருபத்தாறு பேரில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். புக்கிங் ஆபீஸ் கண்ணாடியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்:

"சில்லறை ஏதாவது இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அவனும் கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பான். எல்லோரும் டீ கிளாஸுக்குள் பார்த்தார்கள். மேஸ்திரிதான் தீக்குச்சியைத் துப்பிவிட்டு எழுந்து வந்தார். "வா. கடைசி ஊரு மொதல்ல," என்றார்.

அன்று முதல் சில்லறைதான். தார்ப்பாய் சரக்கின் மேல் படுத்துக் கிடக்கும், உள்ளே பள்ளம் தெரியும். கதவு எழுத்தை அழிக்க மேஸ்திரி பெயின்டுக்குக் காசு கொடுத்தார். அவன் வாங்கவில்லை. கிடக்கட்டும், படிக்கிறவன் படிக்கட்டும் என்றான். மீசை மறுபடி வளர்ந்தது, வெள்ளையாக, ஸ்கேல் வைக்கத் தேவையில்லாத அளவில். சுவரைத் திரும்பக் கட்டவில்லை. தார்ப்பாய்தான் தொங்குகிறது. லீவுக்கு வந்த மகள், "சுவர் எங்கம்மா?" என்று கேட்டாள். "லோடு போச்சு," என்றார் அந்த அம்மாள். அவன் எழுந்து வெளியே போய், காற்று சரியாக இருந்த டயருக்குக் காற்றடித்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு கிலோ கூட்டவில்லை, ஒரு கிலோ குறைக்கவில்லை. காக்கையைக்கூடக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு விவரம் மட்டும் விட்டுப்போயிற்று. நானே குழைத்து நீலம் அடித்த எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் வீடு இருந்ததில்லை, வெறும் பொட்டல்தான்.